காட்டுக்கு எத்தனை பெயர்? – பெயர்ப்பட்டியல் ஆய்வுக்கு ஒரு மறுப்பு

தமிழியற் கருத்தரங்குகளில் ஆண்டுதோறும் தவறாது வாசிக்கப்பெறும் கட்டுரை ஒன்றுண்டு. தலைப்பும் வாசிப்பவரும் மாறலாம், உள்ளீடு மாறுவதில்லை. காட்டைக் குறிக்கத் தமிழில் இத்தனை சொற்கள் உள்ளன என்று அது தொடங்கும். காடு, கான், கானம், கானகம், அடவி, பழுவம், இறும்பு, மிளை, இளை, அரில், கடறு, முதை, புறவு, பொழில், பொதும்பர், சோலை, கா, தண்டலை எனப் பட்டியல் நீளும். அதன்பின், உலகில் வேறெம்மொழிக்கும் இவ்வளம் வாய்க்கவில்லை என்றொரு வாக்கியம் வரும். அண்மைக் காலமாக அவ்வாக்கியத்தினுள் சீனமும் ஜப்பானியமும் இழுத்துவரப்படுகின்றன. சீனர் ஒரு மரத்தை வரைந்து மரம் என்பர், இரண்டை வரைந்து தோப்பு என்பர், மூன்றை வரைந்து காடு என்பர். அவர்தம் செல்வம் அவ்வளவே, நமக்கோ நாற்பது சொற்கள் என்று முடிக்கும்போது அவையில் கைதட்டல் எழும்.

அக்கைதட்டலை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மறுப்பு பிறர்மீது மட்டும் தொடுக்கப்படுவதன்று. முனைவர் பட்டத்திற்கு நான் அளித்த ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அத்தகைய அட்டவணை ஒன்று இடம்பெற்றுள்ளது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். வலப்பக்கக் கட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே சொல்லே எழுதப்பட்டிருந்தது: காடு. வாய்மொழித் தேர்வில் எவரும் அதுபற்றி வினவவில்லை. வினவியிருப்பின் என்னிடம் விடை இருந்திராது. இறும்புக்கும் பழுவத்துக்கும் வேறுபாடு யாது என அறியாமலேயே இரண்டையும் எண்ணிக்கையில் சேர்த்திருந்தேன். பொருள் தெரியாத சொற்களை எண்ணி மொழிவளம் பேசுவது, பூட்டிய பெட்டிகளை எண்ணிச் செல்வம் பேசுவதை ஒக்கும்.

முதலில் அயலார் பற்றிய கூற்றைக் காண்போம். ஒரு மரம், இரு மரம், மூன்று மரம் என்பது சீன எழுத்தின் வடிவத்தைப் பற்றிய செய்தியே அன்றிச் சீனச் சொற்களின் பொருளைப் பற்றிய செய்தியன்று. 'மு' என்பது மரமும் மரக்கட்டையும் ஆகும். 'லின்' என்பதே காட்டைக் குறிக்கும் பழைய தனிச்சொல். மூன்று மரம் கொண்ட 'சென்' என்னும் எழுத்து தனித்து நின்று காடு எனப் பொருள்படுவது சீனத்தில் வழக்கமன்று. அடர்த்தி, இருண்ட செறிவு என்னும் பண்பையே அது முதன்மையாகக் குறிக்கும். 'சென்லின்' என இணைந்த பின்னரே இக்காலப் பொதுச்சொல்லாகிய காடு ஆகின்றது. எழுத்தில் மரங்களை எண்ணிச் சொல்லின் பொருளை முடிவு செய்தல், ககரத்தில் எத்தனை வளைவு உள்ளது என எண்ணிக் காடு என்னும் சொல்லுக்குப் பொருள் காண்பதைப் போன்றதே.

சீன அகராதிமரபு இதனைக் காட்டிலும் கூர்மையானது. கி.பி. 100ஐ ஒட்டி ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென்' என்னும் எழுத்து விளக்க நூல் 540 தலைப்பெழுத்துகளின்கீழ்ச் சொற்களை வகைப்படுத்துகின்றது. அது 'லின்' என்பதைச் சமநிலத்தில் மரங்கள் திரண்டு நிற்பது என விளக்குகின்றது. 'சென்' என்பதை மரங்கள் மிக்கிருக்கும் தோற்றம் என்கின்றது. மலையைச் சார்ந்த காட்டுக்கு 'லு' என வேறு சொல் காட்டுகின்றது. நிலத்தின் கிடக்கை இங்கு வரையறையாகின்றது. இதனினும் பழைய 'எர்யா' என்னும் சொற்றொகுதி நம் கவனத்துக்கு மேலும் உரியது. அதன் முதற்பகுதி நம் நிகண்டுகளைப் போன்றே ஒருபொருட் பன்மொழிகளை ஒரே மூச்சில் அடுக்கிச் செல்லும். 'தொடக்கம்' என்னும் பொருளுக்குப் பல சொற்களை வரிசையிட்டு, இவையனைத்தும் தொடக்கமே எனக் கூறிவிடும். ஆயின் நிலம் பற்றிய பகுதிக்கு வருங்கால் அந்நூலின் போக்கே மாறுகின்றது. ஊருக்கு வெளியே உள்ளது புறநகர், அதற்கப்பால் மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் வெளிநிலம், அதற்கும் அப்பால் 'லின்', அதனைக் கடந்தால் எல்லைநிலம். காடு என்பது மரங்களின் தொகையால் மட்டுமன்றி ஊரிலிருந்து அது நிற்கும் தொலைவாலும் அறியப்படுகின்றது. இவ்வரிசையைப் படிக்கும் தமிழாசிரியருக்கு மனை, படப்பை, கொல்லை, புறவு, காடு என்னும் வரிசை நினைவுக்கு வர வேண்டும். புறவு என்னும் சொல்லிலேயே 'புறம்' உள்ளதன்றோ? நம் பட்டியலில் அது காடு என்பதன் பதின்மூன்றாவது மறுபெயராகக் கிடக்கின்றது.

ஜப்பானியத்தில் 'கி' மரம். 'ஹயஷி', 'மொரி' இரண்டும் காடு என நம்மவர் எழுதுகின்றனர். எழுத்துகள் சீனத்திலிருந்து சென்றவை. சொற்கள் அந்நாட்டுக்கே உரியவை. 'ஹயஷி' என்பதை 'ஹயசு' என்னும் வினையோடு, அதாவது வளரச் செய்தல், முளைக்க விடுதல் என்னும் பொருளோடு தொடர்புபடுத்துவர். 'மொரி' என்பதைக் குவிதல், மேடுறுதல் என்னும் பொருளுடைய 'மொரு' என்னும் வினையோடு இணைப்பர். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் மலைகளின் பெயரிறுதியாகவும் 'மொரி' வழங்குகின்றது என்பது இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. சொற்சேர்க்கையும் இவ்வேறுபாட்டைக் காட்டும். ஊசியிலை மரத்தின் பெயரோடு 'ஹயஷி' இயல்பாகச் சேரும். ஒரே வகை மரம் நிறைந்த இடம் அது. நாம் மாந்தோப்பு, புளியந்தோப்பு, தென்னந்தோப்பு என்கிறோம். 'மொரி' பழங்காலத்தில் தெய்வம் உறையும் மரச்செறிவைக் குறித்தது. மன்யோஷு என்னும் பழந்தொகையில் தெய்வத்தின் கோயிலைக் குறிக்கும் எழுத்துகளை எழுதி அவற்றை 'மொரி' என்றே வாசிக்கும் இடங்கள் உள்ளன. கோயிற்காடு என்னும் பொருளில் 'மொரி' என்பதற்கு இன்றும் தனி எழுத்து ஒன்றை ஜப்பானியர் பயன்படுத்துகின்றனர். செண்டாய் நகரின் சிறப்புப்பெயரில் அவ்வெழுத்தே இடம்பெற்றுள்ளது. அவ்வெழுத்து சீனத்தில் காட்டுப் பேரி மரவகை ஒன்றின் பெயர் என்பது வேறு செய்தி.

ஒலியொப்புமை என்னும் குறுக்குவழி

இவ்விடத்தில் நம்மிடையே உலவும் மற்றொரு பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். மரம் – மொரி என்று கரும்பலகையில் எழுதிக் கோடிட்டு இணைத்துவிட்டுத் தமிழே ஜப்பானியத்தின் தாய் என முடிப்பது அப்பழக்கம். இதற்குப் பேராசிரியர் சுசுமு ஓனோவின் பெயர் துணைக்கு அழைக்கப்படும். 2008இல் மறைந்த ஓனோ, பழஞ்ஜப்பானிய அகராதியியலில் முதிர்ந்த அறிஞர். 1974இல் வெளிவந்த இவானமி பழஞ்சொல் அகராதியின் தொகுப்பாசிரியருள் ஒருவர். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ், சென்னையில் பேராசிரியர் பொற்கோ ஆகியோரோடு அவர் நிகழ்த்திய ஆய்வு நெடிய உழைப்பின் விளைவு. அவருடைய முடிவை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. திராவிட மொழிகளின் மூலவடிவத்தை விடுத்துத் தமிழை மட்டும் ஒப்பிட்டமை அவர்மீது கூறப்பட்ட குறைகளுள் முதன்மையானது. அக்குறை சரியென்றே நானும் கருதுகிறேன். ஆயினும் ஓனோ ஒலியிணைகளை ஒழுங்குபடுத்த முயன்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய ஆட்சியைத் தேடினார். அவர் பெயரைச் சொல்லும் நம்மவரோ ஜப்பானிய அகராதி ஒன்றையேனும் புரட்டாமல் இரண்டு சொற்களின் ஒலியைக் காதால் கேட்டு உறவு கொண்டாடுகின்றனர்.

'மொரி' மரத்தைக் குறிக்கும் சொல்லன்று. மேட்டையும் செறிவையும் தெய்வத்தையும் சுற்றி வளர்ந்த சொல். 'மரம்' என்னும் சொல்லோ தமிழில் காட்டைக் குறித்ததே இல்லை. இரு சொற்களும் தத்தம் மொழிக்குள் என்ன வேலை செய்கின்றன என்று பாராமல் ஒலியை மட்டும் பொருத்துவது ஒப்பியலாகாது. ஒப்பிட வேண்டுமாயின் 'மொரி'க்கு எதிரே வைக்கத்தக்க தமிழ்ச்சொல் மரம் அன்று, 'கா' ஆகும்.

கா என்பது காக்கப்படும் மரச்செறிவு. காத்தல் என்னும் வினை அதனுள் வெளிப்படையாகவே கிடக்கின்றது. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்கோடிக்கா, திருக்குரக்குக்கா எனப் பாடல்பெற்ற தலங்கள் ஐந்து அச்சொல்லைப் பெயரிறுதியாகக் கொண்டுள்ளன. மரத்தடியில் தெய்வம், தெய்வத்தின் பெயரால் மரம், மரங்களின் நடுவே பின்னெழுந்த கற்கோயில் என்னும் வரலாற்றை அப்பெயர்கள் சுமக்கின்றன. மலையாளத்தில் 'காவு' இன்றும் நாகத்துக்கும் பகவதிக்கும் விடப்பட்ட காட்டுத்துண்டையே குறிக்கும். குடகில் அது 'தேவரகாடு'. இந்நாடுகளின் 'கா'வும் ஜப்பானின் 'மொரி'யும் ஒரே வேரிற் பிறந்தவை என நான் கூறவில்லை, கூறவும் கூடாது. இரு சமுதாயங்கள் தனித்தனியே, வெட்டப்படாத மரச்செறிவு ஒன்றைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டு, அதற்கெனத் தனிச்சொல்லையும் வைத்துக்கொண்டன என்பதே இங்குச் சுட்டப்படுவது. ஒலி உறவு இல்லாததாலேயே இவ்வொப்புமை மிகுந்த பொருளுடையதாகின்றது.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. அகிரா மியாவாக்கி (1928–2021) என்னும் ஜப்பானியத் தாவரவியலாளர், கோயிலைச் சூழ்ந்த 'மொரி'களில் எஞ்சியிருந்த மரக்கூட்டங்களை ஆராய்ந்து, ஓர் இடத்தின் இயல்பான காடு எது என்பதை அவற்றிலிருந்து உய்த்துணர்ந்து, அடர்நடவு முறை ஒன்றை வகுத்தார். பெங்களூருவை அடுத்த பிடதியில் உள்ள ஜப்பானிய ஊர்தித் தொழிற்சாலை வளாகத்தில் அவர் நட்டுக்காட்டிய காடு, அம்முறை இந்தியாவில் பரவுவதற்கு ஒரு வாயிலாயிற்று. 2020இல் சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் அம்முறையில் மரங்களை நட்டது. இன்று தமிழ்நாட்டு நாளிதழ்களில் இதற்கு வழங்கும் பெயர் 'மியாவாக்கி குறுங்காடு'. குறுங்காடு என்பது இறும்பு என்னும் சொல்லுக்கு நம் அகராதி தரும் பொருள். கோயிற்காட்டைப் பற்றிய அறிவு ஜப்பானிலிருந்து தொழிற்சாலை வழியே நமக்கு வருகின்றது. அதற்குரிய சொல்லோ ஆய்வேட்டு அட்டவணையில் 'காடு' என்னும் ஒற்றைப் பொருளோடு உறங்குகின்றது. மியாவாக்கி முறையின் தாவரவியற் குறைநிறைகள் என் துறையைச் சார்ந்தவையல்ல. சொல்லைத் தொலைத்தவர் யார் என்பது என் துறையைச் சார்ந்தது.

நிகண்டின் பிழையா, நம் பிழையா?

இப்பட்டியல்களுக்கு மூலம் நிகண்டுகளே என்பர். திவாகரமும் பிங்கலமும் பதினாறாம் நூற்றாண்டின் சூடாமணியும் சொற்களைத் தொகுத்தமை செய்யுள் இயற்றுவோர்க்கும் செய்யுள் பயில்வோர்க்கும் உதவும் பொருட்டே. எதுகைக்கும் மோனைக்கும் சீருக்கும் பொருந்தும் சொல்லைத் தேடுபவருக்கு, பழுவம் என்றாலும் காடு என்றாலும் ஒன்றே என்னும் அளவு போதும். மனப்பாடம் செய்வதற்காக இயன்ற நூலிடம் நிலவியல் வரையறையை எதிர்பார்த்தல் தகாது. நிகண்டாசிரியர் தம் பணியைச் செவ்வனே செய்தனர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டிய நாம், அவர்கள் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டு எண்ணத் தொடங்கினோம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சில சொற்களுக்கு வேறுபாடு காட்டியுள்ளது. மிளை காவற்காடு என்றும் கானல் கடற்கரைச் சோலை என்றும் அதில் காணலாம். பட்டியலிடுவோர் அவ்வேறுபாட்டையும் துடைத்துவிட்டே எண்ணுகின்றனர்.

சான்றோர் செய்யுளில் இச்சொற்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று வருவதில்லையா என வினவலாம். வருகின்றன. கான், கானம், கானகம் ஆகியவற்றைப் பல இடங்களில் பிரித்தறிய இயலாது. ஓசையே அங்குத் தேர்வைத் தீர்மானித்தது எனல் வேண்டும். அழுவம் என்பது காட்டுக்கு மட்டும் உரியதன்று. கடற்பரப்புக்கும் போர்க்களத்துக்கும் ஆளப்படுதலின் அதன் அடிப்படைப் பொருள் பரப்பு என்பதே. அதனைக் காட்டின் பெயராக எண்ணுவது எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையன்றி வேறில்லை. ஆகவே பட்டியலின் எல்லாச் சொற்களும் நுண்பொருள் உடையவை என்னும் எதிர்வாதத்தையும் இக்கட்டுரை ஏற்கவில்லை. சில உண்மையாகவே மறுபெயர்கள், சில அல்ல. எவை எவை என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். சோதனைக்கு வழியும் உண்டு.

ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்ப்பதே அவ்வழி. சுடுகாடு, இடுகாடு, புறங்காடு என வழங்குகின்றோம். சுடுகான் என்றோ இடுசோலை என்றோ எவரும் கூறியதில்லை. வெள்ளக்காடு உண்டு, வெள்ளப்பொழில் இல்லை. கொங்கு நாட்டில் 'காட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் புன்செய் நிலத்தில் உழவு நடக்கின்றது என்பதே பொருள். அங்கே சோளக்காடும் பருத்திக்காடும் உண்டு, மரம் ஒன்றேனும் இருக்க வேண்டிய தேவை இல்லை. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின், காடு என்னும் சொல்லின் நடுப்பொருள் மரச்செறிவன்று, ஊரின் குடியிருப்புக்கும் நீர்பாயும் வயலுக்கும் அப்பாற்பட்ட நிலம் என்பது புலப்படும். தொல்காப்பியம் முல்லைக்குக் காட்டைத் தந்து அங்கே மாயோனையும் ஆநிரையையும் வைத்தது இதனோடு இயைவதே. முல்லைக்காடு மேய்ச்சலுக்கு இடந்தரும் வெளி, இருள்செறிந்த பெருங்காடன்று. பாடநூல்கள் முல்லைத் திணைக்கு யானையும் புலியும் நிறைந்த அடர்காட்டின் படத்தை அச்சிட்டு வருவதை என்னென்பது! 'எர்யா'வின் 'லின்' நிற்கும் இடத்துக்கு நம் காடு அணுக்கமாக வருகின்றது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மிளை இதற்கு நேர்மாறானது. அது அரணின் உறுப்பு. மதிலுக்கும் அகழிக்கும் புறத்தே பகைவர் புகாதபடி வளர்க்கப்பெற்றுக் காக்கப்பட்டது. திருக்குறள் அரண் இன்னதெனக் கூறுமிடத்து நீரோடும் மலையோடும் நிழலுடைய காட்டையும் எண்ணுகின்றது. படைத்தேவைக்காக வளர்க்கப்பட்ட காட்டுக்குத் தனிச்சொல் இருந்ததென்பது அரசியல் வரலாற்றுக்குரிய பெருஞ்செய்தி. அதனைக் காடு எனச் சுருக்கிவிட்டால் வரலாறு போயிற்று. எண்ணிக்கையில் ஒன்று மட்டும் மிஞ்சிற்று.

கான் என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. அதற்குக் கருநாடகத்தில் வாழ்வதும் ஒரு காரணம். சிவமொக்கா மாவட்டத்துச் சொரபா, சாகரா பகுதிகளிலும் வடகன்னட மாவட்டத்துச் சிர்சி, சித்தாபூர் பகுதிகளிலும் 'கானு' என்னும் சொல் மக்கள் வழக்கில் உள்ளது. அது பொதுவாகக் காட்டைக் குறிப்பதன்று. அதற்கு அவர்களிடம் காடு, அடவி என்னும் சொற்கள் உள்ளன. என்றும் பசுமை மாறாது, ஊற்றுநீர் சுரந்து, மிளகுக்கொடி படர்ந்து, தெய்வத்துக்கு உரியதென ஊரார் காத்துவந்த காட்டுப்பகுதியே கானு. 1801இல் அவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இக்காடுகள் தெய்வத்துக்குரியனவாகக் கருதப்பட்டதைக் குறித்துள்ளார். 1868இல் காட்டுத்துறைத் தலைவர் பிராண்டிஸ் சொரபாப் பகுதிக் கானுகளைப் பற்றி அறிக்கை அளித்துள்ளார். பிற்காலத்தில் சூழலியலாளர் சுபாஷ் சந்திரனும் மாதவ் காட்கிலும் அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழறிஞர் ஒருவரும் அப்பக்கம் சென்றதாகத் தெரியவில்லை. பரோவும் எமனோவும் 1961இல் திராவிட ஒப்பியல் அகராதியை வெளியிட்ட நாள்முதல் கானும் கானுவும் ஓரினச் சொற்கள் என்பதை நாம் அறிவோம். அறிந்தும், கன்னடத்தில் உயிரோடிருக்கும் பொருள்வேறுபாடு பழந்தமிழிலும் இருந்ததா என்னும் வினாவை எழுப்பவில்லை. இருந்தது என்று நான் அறுதியிடவில்லை. கான்யாறு, கானவர், கானக்கோழி ஆகிய தொடர்களில் நீரும் வேட்டையும் சேர்ந்து வருவதும், கான் என்பதற்கு மணம் என்னும் பொருள் இருப்பதும், சுடலைக்கு அச்சொல் ஒருபோதும் வாராமையும் ஆராயத் தூண்டுகின்றன என்றே கூறுகிறேன். பாட்டும் தொகையும் முழுவதையும் சொல்லடைவோடு நிரல்படுத்தி நோக்கினாலன்றி இதற்கு விடையில்லை. அண்டை மாநிலத்து மொழியைப் படிப்பது தமிழாய்வுக்கு இழுக்கென எண்ணும் மனநிலை ஒழியாதவரை அவ்விடை கிட்டாது என்பதையும் கசப்போடு பதிவு செய்கிறேன்.

சோலைக்கு நேர்ந்தது வேறுவகை. நீலகிரியிலும் பழனிமலையிலும் உயர்ந்த புல்வெளிகளுக்கிடையே மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டை மலைமக்கள் சோலை என்றனர். தாவரவியலார் அதனை அப்படியே எடுத்துக்கொள்ள, அது உலக அறிவியலின் கலைச்சொல்லாயிற்று. தமிழ்த் துறைகளிலோ சோலை என்றால் பூஞ்சோலை, அதில் தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவர், அவ்வளவே. தோப்பு என்னும் சொல்லும் ஆங்கிலத்துள் சென்று 1886இல் வெளிவந்த ஹாப்சன் – ஜாப்சன் அகராதியில் இடம்பெற்றது. அயலார் நம் சொற்களை எடுக்கும்போது பொருளோடு எடுத்துள்ளனர்.

மரப்பெயர்களிலும் நிலை இதுவே. விரிவஞ்சி ஒன்றிரண்டை மட்டும் கூறுகிறேன். சீனத்தில் நறும்பட்டையும் நறுமலரும் உடைய மரங்களைக் குறிக்கும் எழுத்து ஜப்பானில் 'கட்சுரா' என்னும் முற்றிலும் வேறான மரத்துக்கு வழங்குகின்றது. சீனத்தில் சைப்ரசு இனத்தைச் சுட்டும் எழுத்து ஜப்பானில் ஒருவகைக் கருவாலிக்கு ஆயிற்று. அவ்விரு நாட்டுப் பழஞ்செய்யுள்களைப் பதிப்பிப்போர் இதனை அறிந்தே குறிப்பெழுதுகின்றனர். நம்மிடையே, கல்லூரி வாயில்களில் ஊசிபோல் உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்க மரத்தைக் காட்டி இதுவே சங்கப்பாட்டின் பிண்டி என மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உள்ளனர். பொதுமக்கள் அதனை அசோகமரம் என்பதே இம்மயக்கத்துக்குக் காரணம். செம்மலர்க்கொத்து விடும் பிண்டி வேறு மரம். தமிழ் புன்னைக்கு இனமான 'ஹொன்னெ' என்னும் கன்னடச் சொல் இன்று பெரிதும் வேங்கை மரத்தைக் குறிப்பதை அறியாமல் கன்னட நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் மலைச்சாரலில் நெய்தற் புன்னையை நட்டுவிடுகின்றனர். பி.எல். சாமியும் கு. சீநிவாசனும் சங்க இலக்கியத் தாவரங்களைக் குறித்து எழுதிய நூல்கள் நூலகங்களில் உள்ளன. அவற்றைத் திறந்துபார்த்தலே போதும்.

சொல் சட்டமாகும்போது

இவையனைத்தும் ஏட்டளவிலான பூசல் எனக் கருதுவோர் இருக்கலாம். அவர்கட்கு ஒரு செய்தி. 1996 திசம்பர் 12 அன்று, கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்று வழங்கியது. நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பகுதிக் காடுகளை வெட்டுவது தொடர்பாகத் தொடங்கிய வழக்கு அது. 1980ஆம் ஆண்டுக் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள 'காடு' என்னும் சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும், நிலத்தின் உரிமையாளர் யாராயினும் அப்பொருள் பொருந்தும் எனவும் நீதிமன்றம் கூறியது. இந்தியக் காடுகளின் ஊழைத் தீர்மானிக்கும் இடத்தில் அகராதி நிறுத்தப்பட்டது. எம்மொழி அகராதி என்று வினவ நமக்குத் தோன்றவில்லை. வினவியிருப்பினும் நாம் நீட்டியிருக்கக்கூடியது, பதினெட்டுச் சொற்களுக்கும் 'காடு' என்று ஒரே பொருள் எழுதிய அட்டவணையே.

அவ்வாணையின் பின் ஒவ்வொரு மாநிலமும் ஆவணத்தில் காடெனப் பதிவாகாத, ஆயின் காடெனக் கருதத்தக்க நிலங்களைக் கணக்கிட்டது. கருநாடகத்தில் முன்பு ஏறத்தாழ 9.94 இலட்சம் எக்டேராகக் கணக்கிடப்பட்ட அத்தகைய நிலம், 2022இல் ஏறத்தாழ 3.3 இலட்சம் எக்டேராக அறிவிக்கப்பட்டது. மூன்றில் இரு பங்கு நிலம் ஒரு சொல்லின் எல்லைக்கு வெளியே சென்றது. அதிலுள்ள நியாய அநியாயங்கள் பல. பயிரிட்டுவாழும் ஏழை உழவரின் பக்கமும் அதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2023இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, அறிவிக்கப்பட்ட அல்லது பதிவான காடுகளுக்கே அது பொருந்தும் என வரையறுத்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வழக்கு முடியும்வரை 1996ஆம் ஆண்டு ஆணையின் விளக்கத்தையே பின்பற்றுமாறு மாநிலங்களைப் பணித்தது. காடு என்றால் என்ன என்று நாட்டின் உயர்ந்த மன்றங்கள் இருபத்தெட்டு ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருந்தபோது, காட்டுக்கு நாற்பது சொற்கள் உடையோம் என்று கூறும் துறையிலிருந்து ஒரு குறிப்பேனும் அம்மன்றங்களை எட்டவில்லை.

மூங்கிலின் கதையும் இத்தகையதே. 1927ஆம் ஆண்டு இந்தியக் காடுகள் சட்டம் மூங்கிலையும் பனையினத்தையும் மரம் என்றது. அதனால் தன் நிலத்தில் விளைந்த மூங்கிலை வெட்டிச் செல்லவும் உழவர் இசைவு பெற வேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மூங்கிலை அவ்வரையறையிலிருந்து நீக்கியது. பனையினம் இன்றும் சட்டப்படி மரமே. தொல்காப்பிய மரபியலோ புறத்தே வைரம் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையனவற்றை மரம் என்றும் பிரித்து, ஓலை, மடல், பாளை முதலிய உறுப்புப்பெயர்கள் புல்லுக்கும், இலை, தளிர் முதலியன மரத்துக்கும் உரியன என வரையறுக்கின்றது. சீனத்தில் தாய் கைஷீ இயற்றியதாகக் கூறப்படும் பழைய மூங்கில் நூல், மூங்கில் புல்லுமன்று மரமுமன்று எனத் தனியினமாக்கும். தொல்காப்பியர் ஒருவித்திலைத் தாவரங்களை அன்றே கண்டுபிடித்தார் என்று முழங்குவதற்காக இதனைக் கூறவில்லை. அம்முழக்கமும் பட்டியலின் உடன்பிறப்பே. மூன்று மரபுகளும் மூன்று தேவைகளுக்காகப் பிரித்தன: ஒன்று சொல்லைச் செம்மையாக வழங்குவதற்கு, ஒன்று பொருளை இனங்காண்பதற்கு, ஒன்று வரியும் தண்டமும் விதிப்பதற்கு. தேவையைக் கேளாமல் வரையறையைப் போற்றுவதும் தூற்றுவதும் வீண்.

பெங்களூருவைச் சூழ்ந்த ஊர்களின் நில ஆவணங்களில் 'குண்டு தோப்பு' என்னும் பதிவு காணப்படும். ஊருக்குப் பொதுவான மரத்தொகுதி அது. மா, நாவல், புளி, ஆல் முதலியன நின்றன. வழிப்போக்கர் தங்கவும் ஆடுமாடு இளைப்பாறவும் திருவிழாக் கூடவும் பயன்பட்டது. நகரம் விரிந்தபோது அவற்றுள் பல மனைகளாகவும் கட்டடங்களாகவும் மாறின. ஹரிணி நாகேந்திராவும் சீமா முண்டோலியும் இம்மாற்றத்தை ஆய்ந்து எழுதியுள்ளனர். தோப்பு காடன்று, ஆகவே காட்டுச் சட்டம் காக்காது. பூங்காவுமன்று, ஆகவே தோட்டத்துறை காக்காது. 2021இல் நகரின் தென்மேற்கே உள்ள துரஹள்ளிக் காட்டில் மரப்பூங்கா அமைக்கும் திட்டம் எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். காட்டைக் காடாகவே விடுக, பூங்கா ஆக்காதீர் என்பதே அவர்தம் வேண்டுகோள். பொழிலுக்கும் காட்டுக்கும் வேறுபாடு உண்டென்று, நிகண்டு அறியாத அம்மக்கள் தெருவில் நின்று வாதிட்டனர்.

தமிழாய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காட்டுப்பெயர்க் கட்டுரைகள் இனி வரும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஆளப்பட்ட இடமும், அங்கே அதனோடு சேர்ந்துவரும் மரம், நீர், விலங்கு, மாந்தர் ஆகியனவும், அதன் இடத்தில் வேறொரு சொல்லை வைக்க இயலுமா என்னும் சோதனையும், இனமொழிகளில் அதன் இன்றைய வழக்கும் தரப்பட்டுள்ளனவா எனப் பார்த்து, இல்லையேல் திருப்பி அனுப்புக. பாவாணரைக் கொண்டு 1974இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலி முற்றுப்பெற்றுவிட்டது. ஆனால் வட்டாரத்து நிலச்சொற்களை நேரிற் சென்று தொகுத்து, இடத்தின் படத்தோடும் தாவரப்பெயரோடும் பதிவு செய்யும் பணி நம் துறைகளின் பாடத்திட்டத்தில் ஒரு பருவத் தாளாகக்கூட இல்லை. ஆனேக்கல் வட்டத்திலும் கோலார் தங்கவயலிலும் கொள்ளேகாலத்திலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்துபேசும் முதியவர்கள் தோப்பு, கானு, அடவி, காடு என்று வேறுபாடு தெரிந்து வழங்குகின்றனர். சென்ற பருவத்தில் என் மாணவர் எழுவர் ஆனேக்கல் சென்று திரும்பினர். அவர்கள் கொணர்ந்த சொற்கள் பதினொன்றே. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் இடத்தின் பெயர் எழுதப்பட்டுள்ளது. அப்பதினோர் இடங்களுள் நான்கில் இன்று மரம் இல்லை.